தொண்ணூற்றாறு மதிப்பெண் வாங்கிய ஊறுகாய்ப் புல்

மனித குலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது. பிறகு வெகுகாலம் உருப்படியாக ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, மூன்று வருடங்களுக்கு முன் ஒரு நவம்பர் சனிக்கிழமை, காலை பத்தரை மணிக்கு, எங்கள் இன்வர்டேல் டவுன்ஷிப் பொதுமண்டபத்தில், ஆட்டுத் தீனியை மனிதன் முகர்ந்து பார்த்து மதிப்பெண் போடும் முறையைக் கண்டுபிடித்தது. முதல் இரண்டும் நடந்தபோது நான் பக்கத்தில் இல்லை. மூன்றாவதற்கு நான்தான் செயலாளர். ஆகவே நடந்ததை நடந்தபடி சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்திருக்கிறது.

குளிர்காலத் தீவன மேம்பாட்டுக் கமிட்டிக்கு நான் பதினான்கு வருடமாகச் செயலாளர். எனக்கு ஆடு கிடையாது. சிலர் இதை ஒரு குறையாகச் சொல்லித் திரிகிறார்கள். ஆடு வைத்திருப்பவனுக்கு ஆட்டைப் பற்றி ஏதாவது ஒரு கருத்து இருந்தே தீரும்; கருத்து உள்ளவன் நடுநிலையாகக் குறிப்பு எழுத முடியாது. இது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. விதிப்புத்தகத்தை எழுதியதும் நான்தான்.

எங்கள் ஊரில் ஹ்யூரான் ஏரிப் பக்கமிருந்து நவம்பரில் வருகிற பனி ஏப்ரல் வரை நகராது. அந்த ஐந்து மாதமும் செம்மறி ஆடுகளுக்கு நாம்தான் தீனி போட வேண்டும். காய்ந்த உலர்புல் போடலாம். அல்லது அரைப்பதமாகக் காய்ந்த புல்லை உருளையாகக் கட்டி, காற்றுப் புகாமல் பிளாஸ்டிக் சுற்றிப் புளிக்க வைத்த ஊறுகாய்ப் புல்லைப் போடலாம். கமிட்டி தோன்றுவதற்கு முந்தைய இருண்ட காலத்தில் ஆளுக்கொரு விதமாகப் போட்டுக்கொண்டிருந்தார்கள். மேனோ ப்ரூபேக்கர் சாய்ந்த கம்பி வைத்த தொட்டியில் போடுவார். இழுத்துச் சிந்துவது குறையும் என்பது அவர் கணக்கு. ரோடா கட்மோர் மூன்று நாளைக்கு ஒரு உருளையைச் சுத்தமான பனிமேல் பாய் விரிப்பதுபோல் உருட்டி விடுவாள். ஐம்பத்தெட்டு ஆடுகளும் வரிசையாக நின்று, முட்டிக்கொள்ளாமல் சாப்பிடும். எங்கள் தலைவர் வெண்டெல் ஆட்ரெட் ஒரு முழு உருளையை இரும்பு வளையத்துக்குள் தள்ளிவிட்டு ஏதாவது ஒரு கூட்டத்துக்குப் போய்விடுவார். எந்த ஒழுங்கும் இல்லை.

கமிட்டி வந்த பிறகுதான் விடிந்தது. ஆடு எந்தப் பக்கம் திரும்பி நின்று சாப்பிட வேண்டும் என்பதற்கு மட்டும் நான்கு கூட்டங்கள் நடத்தி, 'தீனி இருக்கும் பக்கம்' என்று ஒருமனதாக முடிவெடுத்தோம். அன்று முதல் இன்று வரை ஒரு ஆடுகூட இந்த முடிவை மீறவில்லை. இப்படிப்பட்ட கமிட்டிக்கு அடுத்த கட்டம் என்று ஒன்று வேண்டாமா? அந்த அடுத்த கட்டத்தின் பெயர்தான் லூசியன் ஆஷ்கிராஃப்ட்.

லூசியன் டொரண்டோவில் இருபது வருடம் ஒயின் முகர்ந்து பார்த்தவர். அங்கே ஏதோ மனக்கசப்பு. எங்கள் பக்கத்தில் ஒரு பழைய பண்ணை வீட்டை வாங்கிக்கொண்டு வந்தார். கழுத்தில் எப்போதும் ஒரு பட்டுத் துணி. வந்த மூன்றாம் வாரமே வெண்டெல் அவரைக் கமிட்டியின் 'கௌரவ நுகர்வு ஆலோசகர்' ஆக்கி, ஓட்டுரிமையும் கொடுத்தார். லூசியன் ஒரு மதிப்பெண் தாள் தயாரித்தார். தோற்றத்துக்கு இருபது, நறுமணத்துக்கு அறுபது, 'பின்நினைவு'க்கு இருபது. ஆட்டின் அபிப்பிராயத்துக்கு இடம் விட்டிருக்கிறாரா என்று பொருளாளர் பெர்னிஸ் கேட்டாள். தாளில் இடம் போதவில்லை என்று லூசியன் விளக்கினார். அந்த விளக்கம் ஏற்கப்பட்டது.

அந்தச் சனிக்கிழமை மண்டபத்தில் நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, ஒவ்வொருவர் தீனியிலிருந்தும் ஒரு வாளி வைத்திருந்தோம். ஓரத்தில் பெர்னிஸ் சுட்ட பட்டர் டார்ட் என்கிற வெண்ணெய்ப் பலகாரம், காப்பி. லூசியன் ஒவ்வொரு வாளிக்குள்ளும் மூக்கை விட்டு, கண்ணை மூடி, நிமிர்ந்து, கூரையைப் பார்த்து, பிறகுதான் பேசினார்.

மேனோவின் உலர்புல்லுக்கு வந்தார். "நேர்மையான வாசனை. ஆனா ரொம்பக் கூச்ச சுபாவம்," என்றார். நாற்பத்து மூன்று.

மேனோ தொப்பியைச் சரி செய்துகொண்டார். "புல்லு எதுக்குங்க எங்கிட்ட பேசணும்?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்தது ரோடாவின் ஊறுகாய்ப் புல். பச்சை மாறாத நிறம். லேசான புளிப்பு. லூசியன் இரண்டு முறை முகர்ந்தார்.

"இதுல... புல்லு வாசனைதான் வருது."

"புல்லுதாங்க அது," என்றாள் ரோடா.

"அதாங்க குறையே. மோந்ததும் தெரிஞ்சு போச்சு. ஒரு மர்மம் வேணாமா? ஒரு கதை வேணாமா?"

"ஆடு கதை கேட்டுட்டா சாப்பிடுது? வயித்துல ரெண்டு குட்டிய வெச்சிக்கிட்டு நிக்குது அது. அதுக்குப் பசிக்குது."

"பதினொண்ணு," என்றார் லூசியன், என் பக்கம் திரும்பி. நான் எழுதிக்கொண்டேன்.

கடைசியாகத் தலைவர் வெண்டெலின் வாளி. மூடியைத் திறந்ததும் மண்டபமே எழுந்து எட்டிப் பார்த்தது. புகையிலை நிறத்தில், பழுப்பாக, பளபளப்பாக இருந்தது. கருகிய சர்க்கரையின் மணம் காப்பியையும் மீறி எழுந்து வந்தது. பெர்னிஸ் தன்னையறியாமல் கையை நீட்டி, பிறகு அது பட்டர் டார்ட் இல்லை என்று நினைவு வந்து இழுத்துக்கொண்டாள். லூசியனின் கண்ணில் நீர் தளும்பியது. "இதுக்காகத்தான் நான் நகரத்தை விட்டு வந்தேன்," என்றார். தொண்ணூற்றாறு.

இந்த அரிய பொருள் உண்டான வரலாற்றைப் பதிவு செய்வது என் கடமை. ஊறுகாய்ப் புல்லை வெட்டிய அன்று பதம் பார்த்து உருட்டி, ஆறு சுற்றுப் பிளாஸ்டிக் சுற்றுவது வழக்கம். வெண்டெல் புல்லை வெட்டிப் போட்டுவிட்டுக் காலைக் கூட்டத்துக்கு வந்தார். கூட்டம் நீண்டது, புல் அளவுக்கு மேல் காய்ந்தது. மாலையில் போய் உருட்டினார். இரண்டு சுற்றுச் சுற்றியதும், மறுபடி கூட்டம். அது பிளாஸ்டிக் சிக்கனத் துணைக் கமிட்டி. அதற்கும் அவரே தலைவர். உருளைகளுக்குள் காற்றுப் புகுந்து, உள்ளே சூடேறி, கையை விட்டால் சுடும் அளவுக்கு வெந்து, அந்த நிறத்துக்கும் அந்த மணத்துக்கும் வந்து சேர்ந்தன. இதைப் பாமரர்கள் 'வெந்து போன புல்' என்பார்கள். லூசியன் தாளில் 'முதிர்ச்சி' என்று போட்டிருந்தார்.

மேனோ வாளிக்குள் எட்டிப் பார்த்தார். "எங்கப்பா இதை ஆட்டுக்குப் போடமாட்டார். நிலத்துல தூவிடுவார்," என்றார்.

"உங்கப்பாவுக்கு மூக்குப் பயிற்சி கெடைக்கல," என்றார் வெண்டெல் இரக்கத்தோடு.

இவ்வளவு நல்ல தீனி ஒருவரிடமே இருப்பது நியாயமா? வெண்டெலின் மனம் கேட்கவில்லை. அந்தக் கூட்டத்திலேயே எழுந்து, 'சமநீதிக் குளிர்காலத் தீவனத் திட்ட'த்தை அறிவித்தார். மிக அதிக மதிப்பெண் வாங்கியவர், மிகக் குறைந்த மதிப்பெண் வாங்கியவருக்கு உருளைக்கு உருளை மாற்றிக் கொடுக்க வேண்டும். அதாவது, தன்னுடைய தொண்ணூற்றாறு மதிப்பெண் உருளைகள் நாற்பதை ரோடாவுக்குத் தந்துவிட்டு, அவளுடைய பதினொரு மதிப்பெண் உருளைகள் நாற்பதைத் தன் ஆடுகளுக்குப் போட்டுக்கொள்வார். "என் ஆடுங்க கஷ்டப்பட்டாலும் பரவால்ல," என்றார். தியாகம் என்ற சொல்லை நான் குறிப்பில் இரண்டு இடத்தில் எழுதினேன்.

ரோடாவுக்கு மட்டும் அது தியாகமாகப் படவில்லை.

"எனக்கு வேணாம் வெண்டெல். என் புல்லே எனக்குப் போதும்."

"திட்டத்துல சேராதவங்க பேரு இயந்திர வரிசையில கடைசிக்குப் போகும் ரோடா. நான் சொல்லல. விதி சொல்லுது."

டவுன்ஷிப்புக்கே பிளாஸ்டிக் சுற்றும் இயந்திரம் ஒன்றுதான். அது கமிட்டியுடையது. ஜூன் மாதம் பத்து நாள் வெயில் கிடைத்தால் அதிர்ஷ்டம். அந்தப் பத்து நாளில் முறை வராதவன் அடுத்த குளிர்காலத்துக்குத் தன் ஆடுகளுக்குப் பனியைத்தான் போட வேண்டும். ரோடா என்னைப் பார்த்தாள். நாங்கள் ஒரே பள்ளிக்கூடப் பேருந்தில் பன்னிரண்டு வருடம் போனவர்கள்.

"எல்வுட், அந்த விதிய நீதானே எழுதுன?"

"எழுதினது நான். சொல்லுறது விதி," என்றேன்.

அவள் கையெழுத்துப் போட்டாள். டிசம்பர் முதல் வாரம் நாற்பது உருளைகள் அங்கிருந்து இங்கும், நாற்பது இங்கிருந்து அங்கும் போயின.

அடுத்து லூசியனும் நானும் ரோடாவின் பண்ணைக்கு ஆய்வுக்குப் போனோம். கண்கொள்ளாக் காட்சி. பழுப்பு உருளையை அவள் பனியில் உருட்டி விட்டதுதான் தாமதம், ஐம்பத்தெட்டு ஆடுகளும் ஓடி வந்து விழுந்து விழுந்து சாப்பிட்டன. முன்பெல்லாம் அரை நாள் மென்றவை, இப்போது தலையைத் தூக்கவே இல்லை. கம்பளி புசுபுசுவென்று, எல்லாம் உருண்டையாக நின்றன. 'உண்ணும் ஆர்வம்: மிகச் சிறப்பு. உருவம்: முழுமை' என்று நான் எழுதினேன். லூசியன் கொட்டகை வாசலில் நின்று ஆழமாக மூச்சை இழுத்துக்கொண்டார்.

ஜனவரி பன்னிரண்டாம் தேதி ரோடா என் வீட்டுக்கு வந்தாள். பூட்ஸைக்கூடக் கழற்றவில்லை.

"எல்வுட், ஆடுங்க எளைக்குது."

"நல்லா சாப்பிடுதுங்களே? நான் பாத்தேனே."

"சாப்பிடுது. மூட்டை மூட்டையா சாப்பிடுது. ஆனா உடம்புல ஒட்டல. முதுகுல கை வெச்சா எலும்பு தட்டுது. கம்பளி மறைக்குது, அதனால உனக்குத் தெரியல. ஆட்டைக் கண்ணால பாக்கக் கூடாதுப்பா, கையால பாக்கணும்."

நான் ஆய்வுத் தாளை எடுத்து அவளுக்குக் காட்டினேன். கண்ணுக்கு ஒரு பத்தி இருந்தது. மூக்குக்கு இரண்டு பத்தி இருந்தது. கைக்குப் பத்தியே இல்லை.

"எங்க எழுதச் சொல்ற?" என்று கேட்டேன்.

எங்கே எழுதலாம் என்று அவள் சொன்ன இடம் ஒரு பொறுப்புள்ள கமிட்டித் தாளுக்குப் பொருந்தாத இடம். பிறகு கோபம் அடங்கி, ஒரு காகிதத்தை மேசையில் வைத்தாள். அவள் ஒரு பை புல்லை ஆய்வகத்துக்கு அனுப்பியிருக்கிறாள், முடிவு வந்திருந்தது. வெந்த சூட்டில் புல்லின் புரதம் சர்க்கரையோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது, ஆட்டின் வயிற்றால் அதைப் பிரிக்க முடியாது, வாய் வழியாகப் போவது அப்படியே பின்வழியாக வந்துவிடும் என்பது அதன் சாரம்.

"மார்ச் பன்னெண்டுல குட்டி போட ஆரம்பிக்கும். முக்கால்வாசி ஆட்டுக்கு ரெட்டை. கடைசி ஆறு வாரத்துலதான் குட்டி உள்ள வளரும். அப்ப தாய்க்குச் சத்து இல்லன்னா, தாய் தன் உடம்பையே தின்னும். தின்ன உடம்பும் இல்லன்னா ரெண்டும் போச்சு. என் புல்லை எனக்குத் திருப்பிக் குடுங்க. வேற ஒண்ணும் வேணாம்."

இதைவிடத் தெளிவாக ஒரு மனு இருக்க முடியாது. ஆனால் அது வாய்மொழியாக இருந்தது. படிவத்தைக் கொடுத்தேன். நிரப்பினாள். அது 'தீனிப் பற்றாக்குறை'ப் படிவம். அவளிடம் தீனி பற்றாக்குறை இல்லையே, இருபத்தேழு உருளைகள் கையிருப்பில் இருந்தன. ஆகவே அது திருப்பி அனுப்பப்பட்டது. சரியான படிவம் என்று ஒன்று அதுவரை இல்லை. அதை உருவாக்க எனக்கு எட்டு நாள் ஆனது. அதன் பிறகு விதிப்படி இருபத்தொரு நாள் முன்னறிவிப்பு. கூட்ட நாளன்று பனிப்புயல். எல்லாம் சேர்ந்து, அவசரக் கூட்டம் பிப்ரவரி பத்தொன்பதாம் தேதிக்கு வந்து நின்றது. எங்கள் வரலாற்றிலேயே இவ்வளவு விரைவாகக் கூடிய அவசரக் கூட்டம் வேறு இல்லை.

இடையில் ஆய்வக முடிவைத் தலைவரிடம் காட்டினேன். வெண்டெல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு கடைசி வரை படித்தார்.

"ஆய்வகத்துக்கு மூக்கு இருக்கா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"அப்புறம்?"

அந்தக் காகிதத்தைக் கோப்பில் வைத்தேன். நான் வைத்தால் எந்தக் காகிதமும் கசங்காது.

ரோடா சும்மா இருக்கவில்லை. பார்லி வாங்கிப் போட்டாள். திடீரென்று அதிகம் போட்டால் வயிறு கெடும் என்பதால் கை அளந்துதான் போட முடிந்தது. மேனோ தன் உலர்புல்லில் எட்டு உருளை கொண்டுபோய் இறக்கினார். அதற்கு முந்தைய ஜூன் மாத மழையில் எல்லோருக்குமே புல் குறைவு. அதற்கு மேல் கொடுத்தால் அவர் ஆடுகள் வெறும் வயிற்றோடு நிற்க வேண்டியிருக்கும். பிப்ரவரி பதினைந்தாம் தேதி அவரே வந்து ரோடாவின் ஆடுகளுக்குக் கம்பளி வெட்டினார். குட்டி போடுவதற்கு முன் வெட்டிவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். முதல் ஆட்டின் கம்பளி தரையில் விழுந்ததும் அவர் கத்தரியை நிறுத்திவிட்டு, அதன் முதுகில் கை வைத்துப் பார்த்தாராம். பிறகு மீதி ஐம்பத்தேழு ஆடுகளின் கம்பளியையும் பேசாமலே வெட்டி முடித்தாராம். அவர் பேசாமல் இருப்பது செய்தி இல்லை. காப்பி குடிக்காமல் போனார் என்பதுதான் செய்தி.

பத்தொன்பதாம் தேதி கூட்டம் குறித்த நேரத்தில் தொடங்கியது. சென்ற கூட்டக் குறிப்பு வாசிக்கப்பட்டது. லூசியனுக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் எடுக்கப்பட்டது. மூன்றாவது பொருளுக்கு வந்தபோது கதவு திறந்தது. ரோடா ஒரு ஆட்டைக் கயிற்றில் பிடித்து உள்ளே கூட்டி வந்தாள். கம்பளி வெட்டிய ஆட்டுக்குக் குளிரும் என்று தன்னுடைய நீல ஸ்வெட்டரை மாட்டிவிட்டிருந்தாள். முன்னங்கால்கள் இரண்டும் கைகளுக்குள் நுழைந்திருந்தன. காதில் முப்பத்தொன்று என்று எண் வில்லை.

"பிராணிகளை உள்ள கொண்டு வர்றதா இருந்தா முன்கூட்டியே எழுத்து மூலமா..." என்று வெண்டெல் தொடங்கினார்.

"இது பிராணி இல்ல தலைவரே. மனுவோட இணைப்பு. இணைப்பு இல்லாத மனு செல்லாதுன்னு எல்வுட் எழுதி வெச்சிருக்கான்."

விதியைப் புரட்டினேன். இணைப்பு எந்த வடிவில் இருக்க வேண்டும் என்று நான் எழுதத் தவறியிருந்தேன்.

ரோடா ஸ்வெட்டரைக் கழற்றினாள். வயிறு பெரிதாக, இரண்டு பக்கமும் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே ஆடு என்று சொல்லும்படி எதுவும் இல்லை.

"எல்லாரும் வந்து ஒரு தடவ கை வைங்க. அப்புறம் ஓட்டுப் போடுங்க. இவ்வளவுதான் கேக்குறேன்."

பெர்னிஸ் முதலில் வந்தாள். முதுகில் கை வைத்தாள். உடனே எடுத்து, கைப்பையைத் திறந்து எதையோ தேடுவதுபோல் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மேனோ எழுந்திருக்கவில்லை, அவர் ஏற்கனவே ஐம்பத்தெட்டிலும் கை வைத்தவர்.

"எனக்குக் கம்பளி ஒத்துக்காது. உடம்பு தடிச்சிடும்," என்றார் லூசியன்.

"அதான் கம்பளியே இல்லையே," என்றாள் ரோடா.

வெண்டெல் மேசைக்குப் பின்னால் இருந்தபடியே எட்டிப் பார்த்தார். "கொஞ்சம் ஒட்ட வெட்டிட்டாங்களோ? அதனால இப்படித் தெரியுது."

மேனோ அன்றைக்கு முதல் முறையாகக் குரலை உயர்த்தினார். "நான் கம்பளியத்தான் எடுத்தேன் வெண்டெல். சதைய நீங்க முன்னாடியே எடுத்துட்டீங்க."

இந்த வாக்கியம் நடவடிக்கைக் குறிப்பில் 'உறுப்பினர் ஒருவர் கருத்துத் தெரிவித்தார்' என்று இடம் பெற்றுள்ளது.

பிறகு வாக்கெடுப்பு. மனு கொடுத்தவளுக்கு விதிப்படி ஓட்டு இல்லை. ரோடாவின் உருளைகளில் வெண்டெலிடம் மீதி இருப்பவற்றை உடனே திருப்பித் தருவதா, அல்லது விஷயத்தை ஏப்ரல் மாத ஆண்டுப் பேரவைக்குத் தள்ளுவதா? அன்றைக்கு அவர் கொட்டகையில் பதினேழு உருளைகள் இருந்தன. திருப்பித் தர பெர்னிஸும் மேனோவும் கை தூக்கினார்கள். தள்ளிவைக்க வெண்டெலும் லூசியனும் தூக்கினார்கள். இரண்டுக்கு இரண்டு. ஆடு இல்லாத காரணத்தால் பாரபட்சம் இருக்க முடியாது என்பதால், சமநிலை வந்தால் முடிவு செய்யும் ஓட்டு எங்கள் விதிப்படி செயலாளருடையது. பதினான்கு வருடத்தில் அது ஒரு முறைகூடத் தேவைப்பட்டதில்லை.

"எல்வுட்," என்றாள் ரோடா. "நீ இன்னும் கை வெக்கல."

எழுந்து போனேன். வைத்தேன். ஒவ்வொரு கணுவும் தனித்தனியாக விரலில் பட்டது. தோலுக்கும் எலும்புக்கும் நடுவில் ஒன்றுமே இல்லை. விலாவுக்குக் கீழே, உள்ளிருந்து ஏதோ ஒன்று என் உள்ளங்கையை உதைத்தது. ஆடு திரும்பி என்னைப் பார்த்தது. என்னிடம் தின்ன ஏதாவது இருக்கும் என்று நினைத்ததோ என்னவோ. பதினான்கு வருடம் ஆடுகளைப் பற்றி எழுதியவன் ஒரு ஆட்டைத் தொட்டது அன்றைக்குத்தான். எனக்கு அழுகை வந்தது. இதில் கேலி ஒன்றும் இல்லை; உண்மையிலேயே வந்தது.

வெண்டெல் பேனாவை மேசையில் தட்டினார். "செயலாளர் யோசிச்சு முடிவெடுக்கணும். அடுத்த வருஷத்துக்கும் ஒரு செயலாளர் வேணும் இல்லையா?"

"சொல்லுடா எல்வுட்," என்றாள் ரோடா. இரண்டாம் வகுப்புக்குப் பிறகு அவள் என்னை 'டா' என்று கூப்பிட்டதில்லை.

நான் என் நாற்காலிக்குத் திரும்பி வந்து உட்கார்ந்து, தெளிவான குரலில், நடுநிலை வகிப்பதாக அறிவித்தேன். பெரும்பான்மை கிடைக்காத காரணத்தால் பொருள் ஏப்ரலுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. ரோடா ஸ்வெட்டரை ஆட்டுக்கு மாட்டினாள். அவசரப்படாமல், ஒவ்வொரு காலாக. பிறகு என்னைப் பார்க்காமலே கூட்டிக்கொண்டு போனாள்.

மறுநாள் காலை அவள் டிராக்டரை எடுத்துக்கொண்டு நேராக வெண்டெலின் வாசலுக்கே போனாள். வெண்டெல் சாட்சிக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார். கொட்டகைக் கதவில் பூட்டுத் தொங்கியது. உள்ளே அவருடைய ஆடுகள் அவள் புல்லை மெல்லும் சத்தம் வெளியில் கேட்டது.

"திற வெண்டெல். அந்தப் பதினேழு மட்டும். நான் யார்கிட்டயும் எதுவும் சொல்ல மாட்டேன்."

"எனக்குக் குடுக்கணும்னுதான் ஆசை ரோடா. மனசார சொல்றேன். ஆனா கமிட்டி என் கையக் கட்டிப் போட்டிருக்கே. நேத்து எல்வுட் ஒரு வார்த்த சொல்லியிருந்தா இந்நேரம் நானே ஏத்தி விட்டிருப்பேன். இல்லையா எல்வுட்?"

நான் 'பூட்டு: நல்ல நிலையில்' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

ஏப்ரல் ஆண்டுப் பேரவை சிறப்பாக நடந்தது. 'சிறந்த உடல்நிலை மந்தை'க்கான கேடயம் வெண்டெல் ஆட்ரெட்டுக்கு வழங்கப்பட்டது. பதினொரு மதிப்பெண் தீனியிலேயே தன் ஆடுகளை அப்படிக் கொழுக்க வைத்த சாமர்த்தியத்தை லூசியன் பாராட்டிப் பேசினார். ரோடாவின் மனு எடுத்துக்கொள்ளப்பட்டு, உருளைகளைத் திருப்பித் தரும் தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. அதற்குள் உருளைகள் எதுவும் மிச்சம் இல்லை. அவள் மந்தையில் ஒன்பது தாய் ஆடுகளும் இல்லை, அவற்றின் வயிற்றில் இருந்தவையும் இல்லை. முப்பத்தொன்றாம் எண் மார்ச் பத்தாம் தேதியே போய்விட்டது. கால்நடை மருத்துவர் காரணம் என்ற இடத்தில் 'பட்டினி' என்று எழுதியிருந்தார். அந்தச் சொல் டவுன்ஷிப்பின் பெயருக்குக் களங்கம் என்று தலைவர் கருதியதால், 'வயிறு நிறைந்த நிலையில் ஏற்பட்ட எதிர்பாராத எடைக்குறைவு' என்று திருத்தப்பட்டது. திருத்தத்தை முன்மொழிந்தவர் லூசியன். வழிமொழிய ஆள் இல்லாததால் நான் வழிமொழிந்தேன்.

நன்றியுரை சொல்ல யாராவது உண்டா என்று வெண்டெல் கேட்டார். பின்வரிசையில் ரோடா எழுந்தாள். மண்டபமே அவளைத் திரும்பிப் பார்த்தது.

"நன்றி சொல்ல வரல. ஒண்ணு கேக்கணும். என் ஆட்டைக் கொன்னது யாருன்னு அந்தக் குறிப்புல எங்கயாவது எழுதியிருக்கா?"

"அப்படி ஒண்ணும் இல்லையேம்மா," என்றார் வெண்டெல், என் தோளுக்கு மேலாகக் குறிப்பேட்டைப் பார்த்து.

அவர் சொன்னது சரிதான். நான் தேடிப் பார்த்தேன். கொன்றதாக எங்கேயும் இல்லை. பிப்ரவரி பத்தொன்பதாம் தேதிப் பக்கத்தில், அழகான கையெழுத்தில், 'செயலாளர் நடுநிலை வகித்தார்' என்று மட்டும் இருக்கிறது. இந்த டவுன்ஷிப்பில் அதை 'செயலாளர் ஒன்பது ஆடுகளைக் கொன்றார்' என்று படிக்கத் தெரிந்தவர்கள் இதுவரை இரண்டு பேர்தான். ஒருத்தி ரோடா.